சுமந்தவன் கணக்கு

எங்கள் வங்கிக் கிளையில் ஒரு வேலை உண்டு. பத்து வருசமாக யாரும் வந்து தொடாத கணக்குகளைப் பட்டியல் எடுக்க வேண்டும். பெரும்பாலும் சின்னத் தொகைகள். நூற்றுப் பன்னிரண்டு ரூபாய், நாற்பத்தேழு ரூபாய் இப்படி. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கைநாட்டு. போட்டோ மங்கிப்போய் முகம் தெரியாது. “செத்துப் போயிருப்பாங்க, விடுங்க சார்” என்பார் பக்கத்து சீட்டுக்காரர். விட முடியாது. ஒரு ரூபாயாக இருந்தாலும் பெயரோடு எழுதி, இதற்கென்று 2014-ல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய நிதிக்கு அனுப்ப வேண்டும். நாளைக்கு ஒரு பேரனோ பேத்தியோ தாளோடு வந்து நின்றால் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். ஆள் செத்தாலும் கணக்கு சாகாது. இதுதான் வங்கித் தொழிலின் நியாயம்.

இந்த நியாயம் யாருக்குச் செல்லும், யாருக்குச் செல்லாது? முதல் உலகப்போரைப் பற்றிப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது.

2015 மார்ச் 9-ம் தேதி பிரிட்டிஷ் அரசு ஒரு பழைய கடனை அடைத்தது. 1917-ல் போர்ச் செலவுக்காகப் பத்திரம் போட்டு வாங்கிய கடன். 1932-ல் வட்டியை 5 சதவீதத்திலிருந்து மூன்றரையாகக் குறைத்தார்கள். ஆனால் வட்டி நிற்கவில்லை. தொண்ணூற்றெட்டு வருசம் பத்திரம் வைத்திருந்தவனுக்கும், அவன் பிள்ளைக்கும், பேரனுக்கும் வட்டி போனது. கடைசியில் அசல் சுமார் 190 கோடி பவுண்டும் போனது. தோற்ற ஜெர்மனியும் போர் இழப்பீட்டுக்காக வாங்கிய கடன்களின் கடைசித் தவணையை 2010 அக்டோபர் 3-ம் தேதி கட்டி முடித்தது. நடுவில் ஹிட்லர் வந்து போனான், இன்னொரு உலகப்போர் நடந்தது, நாடே இரண்டாக உடைந்து மறுபடி ஒட்டியது. கடன் பத்திரம் மட்டும் சாகவில்லை.

சரி. அதே போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படைக்குச் சுமை தூக்கிச் செத்தவனின் கூலி என்ன ஆனது? செத்தவர்கள், காணாமல் போனவர்கள் வாங்காமல் விட்ட கூலி பெருந்தொகையாகச் சேர்ந்து நின்றது. குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்கள். சரி, ஆப்பிரிக்க மக்களின் நலனுக்காவது அந்தப் பணத்தைக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். லண்டன் கொடுக்கவில்லை. கணக்கை மூடிவிட்டார்கள்.

வட்டிக்காரன் கணக்கு நூறு வருசம் உயிரோடு இருக்கிறது. சுமந்தவன் கணக்கு அவனோடு சேர்ந்து காட்டிலேயே செத்துவிடுகிறது. போர் என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தப் போர் எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். ஒரு பக்கம் ஜெர்மானியர், இன்னொரு பக்கம் பிரிட்டிஷார், பெல்ஜியர், போர்ச்சுகீசியர். இன்றைய தான்சானியா, கென்யா, மொசாம்பிக், மலாவி, ஜாம்பியா மண்ணில் நாலு வருசம் துரத்தினார்கள், ஓடினார்கள். அந்தக் காட்டில் ஒரு ஈ உண்டு, செட்சி ஈ. அது கடித்தால் குதிரையும் மாடும் கோவேறு கழுதையும் செத்து விழும். ரோடு கிடையாது. ரயில் பாதை போகாத இடத்தில் துப்பாக்கி, குண்டு, மாவு மூட்டை, வெள்ளை அதிகாரியின் கட்டில், பெட்டி எல்லாவற்றையும் எதில் ஏற்றுவது? மனுசன் தலையில் ஏற்று. குதிரை செத்தால் புதுக்குதிரை வாங்கக் காசு வேண்டும். ஆள் செத்தால் பக்கத்து ஊரை வளைத்தால் போதும்.

தலைக்கு ஐம்பது அறுபது ராத்தல் சுமை. தூக்கிப் போகிறவனும் வழியில் சாப்பிட வேண்டும். அவன் சாப்பாட்டையும் யாராவது தூக்க வேண்டும். தூரம் கூடக்கூட ஆள் கூடும். இப்படி ஒரு சிப்பாய்க்குப் பின்னால் பல சுமைகாரர்கள். நேச நாடுகளின் பக்கம் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் இந்த வேலையில் இழுக்கப்பட்டார்கள். 1915-ல் பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்காவில் கட்டாய ஆள்பிடிப்புக்குச் சட்டமே போட்டார்கள். 1917-ல் ஊர் ஊராக வளைத்துப் பிடித்தார்கள். வேகாத சோள மாவு, வயிற்றுக்கடுப்பு, மலேரியா, நிமோனியா. குண்டு பட்டுச் செத்தவன் குறைவு. பசியிலும் பேதியிலும் செத்தவன்தான் அதிகம். அரசின் சொந்தக் கணக்கிலேயே செத்த சுமைகாரர்கள் ஒரு லட்சத்தை நெருங்குகிறார்கள். பேர் எழுதாமலே கூட்டிப்போனவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

காலனி அலுவலகத்தில் ஓர் அதிகாரி இதைப் பற்றிக் கோப்பில் குறிப்பு எழுதியிருக்கிறார். இந்தப் போர் நடத்தப்பட்ட விதம் பெரிய ஊழலாக வெடிக்காததற்கு ஒரே காரணம், அதிகம் கஷ்டப்பட்டவர்கள் சுமைகாரர்கள் என்பதுதான்; கறுப்பு சுமைகாரனைப் பற்றி யாருக்கு அக்கறை என்பது அந்தக் குறிப்பின் சாரம். கொடூரமான குறிப்புதான். ஆனால் அந்த ஆபீசில் உண்மையை எழுதின ஆள் அவர். நம்ம ஊர் ஆபீஸ்களில் இதே உண்மை எழுதப்படாமலேயே அமலில் இருக்கும்.

ஐரோப்பாவில் 1918 நவம்பர் 11-ம் தேதி போர் நின்றது. ஆப்பிரிக்காவில் நிற்கவில்லை. சேதி வந்து சேரவே நாள் ஆனது. ஜெர்மன் தளபதி நவம்பர் 25-ம் தேதிதான், இன்றைய ஜாம்பியாவில் உள்ள ஓர் ஊரில், ஆயுதத்தைக் கீழே வைத்தான். சமாதானம் வந்த பிறகும் இரண்டு வாரம் சுமை தலையிலேதான் இருந்தது.

இப்போது காரணத்துக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் என்ன படித்தோம்? 1914 ஜூன் 28, சரயேவோ, ஆஸ்திரிய இளவரசன் பிரான்ஸ் பெர்டினாண்டை 19 வயதுப் பையன் ஒருத்தன் சுட்டான், போர் வந்தது. ஐந்து மார்க் கேள்வி. தீக்குச்சியைக் காட்டுகிறார்கள், வைக்கோல் போரை அடுக்கினவனைக் காட்டுவதில்லை.

1884-85-ல் பெர்லினில் ஒரு மாநாடு கூடியது. ஆப்பிரிக்காவைப் பங்கு போடும் ஆட்டத்துக்கு விதி எழுதின மாநாடு. அந்த மேசையில் ஓர் ஆப்பிரிக்கன்கூட உட்காரவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருசம் என்ன நடந்தது? 1905-லும் 1911-லும் மொராக்கோ யாருக்கு என்று பிரான்சும் ஜெர்மனியும் முறைத்துக்கொண்டன. இரண்டாவது தடவை பிரான்ஸ் தன்னிடமிருந்த காங்கோ நிலத்தில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்து ஜெர்மனியைச் சமாதானம் செய்தது. யார் நிலம், யார் வெட்டினது, யாருக்குக் கொடுத்தது? 1906-ல் பிரிட்டன் டிரெட்நாட் என்ற ராட்சசப் போர்க்கப்பலைக் கடலில் இறக்கியது. ஜெர்மனியும் போட்டிக்குக் கட்டியது. கப்பல் பட்டறை முதலாளிக்குக் கொள்ளை லாபம். ஜெர்மனியின் குரூப் கம்பெனிக்குச் சொந்தமான வெடிதிரி உரிமத்தை வைத்து இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனி குண்டு செய்தது. அந்தக் குண்டு ஜெர்மன் பையன்கள் தலையிலேயே விழுந்தது. போர் முடிந்த பிறகு குரூப் கம்பெனி அதற்கு உரிமத் தொகை கேட்டது. விக்கர்ஸ் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. செத்தவன் ஜெர்மானியன், கொன்றவன் ஆங்கிலேயன், லாபத்தில் இரண்டு பேர் முதலாளியும் பங்காளி.

இதை 1915-லேயே ஒருத்தர் எழுதிவிட்டார். அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். போரின் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்றார். அதோடு நிறுத்தவில்லை. கறுப்பர், பழுப்பர், மஞ்சள் நிறத்தார் உழைப்பைச் சுரண்டுவதில் வெள்ளைத் தொழிலாளிக்கும் ஒரு சின்னப் பங்கு விட்டுக் கொடுக்கப்படுகிறது. அதனால்தான் அவன் தன் முதலாளியின் போரைத் தன் போராக நினைக்கிறான் என்றார். இந்த இடத்தை நாம் அழுத்திப் படிக்கணும். 1914 ஆகஸ்ட் 4-ம் தேதி ஜெர்மன் சோசலிஸ்ட் கட்சி, உலகத் தொழிலாளர் ஒற்றுமை பேசிய மாபெரும் கட்சி, போர்க் கடனுக்கு ஆதரவாக நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போட்டது. பிரான்சில் போர் வேண்டாம் என்ற ழான் ழோரசை ஜூலை 31-ம் தேதி சுட்டுக் கொன்றார்கள். டிசம்பரில் ஜெர்மனியில் கார்ல் லீப்னெக்ட் மட்டும் தனி ஆளாக எழுந்து எதிர்த்து ஓட்டுப் போட்டார். வர்க்கம் எல்லாவற்றையும் கரைத்துவிடும் என்று நமக்கு வகுப்பெடுக்கிற தோழர்கள் இந்த ஆகஸ்ட் 4-ம் தேதியை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது. ஒரு படி கீழே ஒருத்தன் இருக்கிறான் என்கிற சுகத்தைக் கொடுத்துவிட்டால் போதும், தன் தலையில் ஏறி உட்கார்ந்திருப்பவனை மனுசன் மறந்துவிடுவான். இதை டு பாய்ஸ் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ளணும் என்பதில்லை. நம்ம தெருவிலிருந்து ஊருக்குள் நடந்தாலே தெரியும்.

ஆப்பிரிக்கா ஒன்றே காரணம் என்று சொன்னால் அதுவும் பாதி உண்மைதான். பால்கன் பகைகள் இருந்தன. ஆஸ்திரியப் பேரரசு உள்ளேயே விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. கூட்டணி ஒப்பந்தங்கள் ஒருவன் காலை இன்னொருவன் காலோடு கட்டி வைத்திருந்தன. ரயில் அட்டவணைப்படி படை திரட்டும் திட்டம், ஆரம்பித்தால் நிறுத்த முடியாதபடி இருந்தது. ஜூலை 28-ல் ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்தது. ஒரே வாரத்தில் ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் எல்லாம் உள்ளே வந்தாயிற்று. ஐரோப்பிய ஏழையும் கொத்துக் கொத்தாகச் செத்தான். 1916 ஜூலை 1, சோம் நதிக்கரையில் ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் மட்டும் 19,240 பேர் செத்தார்கள். எல்லா நாட்டுச் சிப்பாய்களும் சேர்த்து 90 லட்சத்துக்கு மேல். அந்தத் தாய்களின் அழுகையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த 19,240 பேருக்கும் கல்லில் பேர் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறோம்.

இனி நம்ம கதை. தமிழில் அந்தப் போர் என்ன மிச்சம் வைத்தது? ஒரு வார்த்தை: எம்டன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டது. அன்றைக்கிலிருந்து கெட்டிக்காரன், பொல்லாதவன் எல்லாம் ‘எம்டன்’. பத்து நிமிசம் குண்டு போட்ட கப்பலின் பேர் நம்ம நாக்கில் நூறு வருசமாக இருக்கிறது. இங்கிருந்து போனவன் பேர் ஒன்றுகூட இல்லை.

அந்தப் போருக்காக இந்தியாவில் திரட்டப்பட்டவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். அதில் சுமார் 5 லட்சத்து 60 ஆயிரம் பேர் சிப்பாய்களே இல்லை. சுமை தூக்க, குதிரைக்குப் புல் போட, தண்ணீர் சுமக்க, காயம்பட்டவனை டோலியில் தூக்க, சமைக்க, மலம் அள்ளப் போனவர்கள். இவர்களுக்கும் மேல் தட்டு, கீழ்த் தட்டு உண்டு. மலம் அள்ளுகிறவனும் தண்ணீர் சுமக்கிறவனும் கீழ்த் தட்டு. சம்பளம், உடுப்பு, பென்சன் எல்லாவற்றிலும் சிப்பாய்க்குக் கீழே. மெசபடோமியாவுக்கு ஆள் போதாமல் இந்தியச் சிறைகளிலிருந்து கைதிகளைப் பிடித்துச் சுமைக்கும் துப்புரவுக்கும் அனுப்பினார்கள். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாத்திரம் சொல்கிறதாம். போகவில்லை. மலம் அள்ளும் வேலையைப் பிடித்துக்கொண்டு அதுவும் கூடவே கப்பல் ஏறியது.

இங்கிலாந்தில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊர். அங்கே காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி. அதில் துப்புரவு வேலை பார்த்தவர் சுகா, பரேலி நகரத்துக்காரர். 1915 ஜனவரி 12-ம் தேதி செத்துப் போனார். வயது 30. அவர் சமூகத்து வழக்கம் புதைப்பது. ஆகவே இந்துக்களை எரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. முஸ்லிம்களின் இடுகாட்டில் கேட்டார்கள். இவர் முஸ்லிம் இல்லை என்று இடம் கிடைக்கவில்லை. கடைசியில் அந்த ஊர்ப் பாதிரியார் தேவாலயத்துக் கல்லறையில் இடம் கொடுத்தார். ஊர்க்காரர்கள் காசு போட்டுக் கல் நட்டார்கள். அவர் கிறிஸ்தவர் இல்லை என்பதையும், பிறருக்காக உயிரைக் கொடுத்தார் என்பதையும் அந்தக் கல்லிலேயே எழுதி வைத்தார்கள். சுடுகாட்டுப் பாதைக்காக இன்றைக்கும் பிணத்தை நடுரோட்டில் வைத்துப் போராடுகிற நமக்கு சுகாவின் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மகர்களின் கதை இன்னொன்று. 1890-களில் அவர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினார்கள், போர் மரபுச் சாதி இல்லை என்று. 1917-ல் ஆள் பஞ்சம் வந்ததும் 111-வது மகர் படைப்பிரிவு முளைத்தது. 1921-ல் கலைத்தாயிற்று. சாகக் கூப்பிடும்போது வீரன், பிழைத்து வந்தால் தீண்டத்தகாதவன்.

போர் முடிகிற நேரத்தில் விஷக்காய்ச்சல் வந்தது. போரின் கப்பல்களிலும் ரயில்களிலும் ஏறி உலகைச் சுற்றியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் செத்தார்கள். 1918-ல் பம்பாய் நகரத்தில் செத்தவர்களைச் சாதி வாரியாகக் கணக்கெடுத்தார்கள். ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்கு 8 பேர். சாதி இந்துக்களில் 19 பேர். ‘கீழ்ச்சாதி’ என்று எழுதப்பட்டவர்களில் 61 பேர். கிருமிக்குச் சாதி தெரியாது என்பார்கள். குடிசைக்கும் பட்டினிக்கும் தெரியும்.

சரி, பிழைத்து ஊர் திரும்பியவனுக்கு என்ன கிடைத்தது? கென்யாவில் 1919-ல் ஒரு திட்டம் வந்தது. போர் முடித்த வெள்ளைச் சிப்பாய்களுக்கு நிலம். கறுப்பன் நிலத்தைப் பிடுங்கி வெள்ளையனுக்கு. சுமந்தவனுக்குக் கிடைத்தது ‘கிபாண்டே’. பேரும் கைரேகையும், யாரிடம் வேலை செய்தான் என்பதும் எழுதின தாளை ஒரு தகர டப்பாவில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டாமல் வெளியே வந்தால் ஜெயில். கூலி கொடுக்கத்தான் அவன் பேரும் ஊரும் கிடைக்கவில்லை. கழுத்தில் டப்பா மாட்டக் கிடைத்துவிட்டது.

கல்லறைக் கணக்கும் இதேதான். சாவில் எல்லாரும் சமம், பதவி பார்க்காமல் ஒரே மாதிரி கல் என்ற கொள்கையோடு 1917-ல் பிரிட்டன் ஒரு போர்க் கல்லறை ஆணையத்தைத் தொடங்கியது. 1923-ல் கோல்டு கோஸ்ட், அதாவது இன்றைய கானாவின் ஆளுநர், சாதாரணக் கறுப்பனுக்குக் கல்லறைக் கல்லின் அருமை புரியாது என்று சொல்லிவிட்டார். 2021 ஏப்ரலில் அதே ஆணையம் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது: குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பேரோடு நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள். லண்டன் நாடாளுமன்றத்தில் அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். செத்து நூறு வருசம் கழித்து ஒரு மன்னிப்பு. நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் இரண்டு வட்டாரங்களுக்கு மட்டும் பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறது: கரியாகோர், கரியாகூ. கேரியர் கோர், அதாவது சுமைகாரர் படை என்ற ஆங்கிலப் பேரை ஜனங்கள் தங்கள் நாக்கில் திருப்பிச் சொன்னது. அரசு நட்ட கல்லில் இல்லாதவன் மார்க்கெட் பேரில் இருக்கிறான்.

இதையெல்லாம் போர் முடிந்த பிறகு கணக்குப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததா? இல்லை. போர் ஆரம்பித்து நாலே மாதத்தில் ஒருத்தர் சொல்லிவிட்டார். ஜான் சிலெம்ப்வே. நியாசாலாந்து, இன்றைய மலாவி. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய கறுப்புப் பாதிரியார். வெள்ளைக்காரன் எதிரே கறுப்பன் தொப்பியைக் கழற்றியாக வேண்டிய ஊரில் அகலத் தொப்பியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர். 1914 நவம்பரில் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். சமாதான காலத்தில் எல்லாம் ஐரோப்பியனுக்கு, போர்க் காலத்தில் மட்டும் நாங்கள் கூடவே சாக வேண்டுமா என்று கேட்டார். பணக்காரன், பேங்க்காரன், பட்டக்காரன், கடைக்காரன், நிலக்காரன் போய்ச் சண்டை போட்டுச் சாகட்டும் என்றார். தணிக்கை கடிதத்தை அழுத்திவிட்டது. 1915 ஜனவரி 23-ம் தேதி கிளர்ந்தார். பிப்ரவரி 3-ம் தேதி சுட்டுக் கொன்றார்கள். அவர் கட்டிய தேவாலயத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

‘பேங்க்காரன்’ என்று அவர் எழுதின இடத்தில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் நான். ஆனால் என் தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்பது எனக்குத் தெரியும்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. போர் வருகிறபோது வரைபடம் காட்டுவார்கள், கொடி காட்டுவார்கள், மானம் என்பார்கள், மண் என்பார்கள். நிலமே இல்லாதவனிடம் வந்து மண்ணைக் காப்பாற்று என்பார்கள். அப்போது கோபப்படுவதற்கு முன்னால் சின்னதாகச் சில கேள்விகள் கேளுங்கள். கடன் கொடுக்கிறவன் யார்? வட்டி எத்தனை வருசம் போகும்? மூட்டையைத் தூக்கப் போகிறவன் எந்தத் தெருக்காரன்? அவன் செத்தால் பேர் எழுதுவீர்களா? பிழைத்து வந்தால் ஊருக்குள் விடுவீர்களா? இதற்கெல்லாம் பதில் வந்த பிறகு மானத்தைப் பற்றிப் பேசலாம்.

சிலெம்ப்வேயின் முகம் மலாவி நாட்டுப் பண நோட்டில் அச்சாகியிருக்கிறது. 2022-ல் லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்துப் பீடத்தில் அவர் சிலையை இரண்டு வருசத்துக்கு ஏற்றி வைத்தார்கள், தொப்பியோடு. நல்லதுதான். ஆனால் சுமைகாரன் கூலி இன்னும் பாக்கி. எங்கள் லெட்ஜரில் இப்படி ஒரு பாக்கி இருந்தால் அதைப் பெயரோடு அடுத்த பக்கத்துக்கு எடுத்து எழுதணும், அடுத்த வருசத்துக்கும் எழுதணும், கேட்க ஆள் வருகிறவரை எழுதணும்.

இதை அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன்.